ஆம்பர்பட்டியின் பதினோரு பெயர்கள்

விஸ்வநத்தம்,
18.5.2025, ஞாயிறு

அன்புத் தங்கை அருணாதேவிக்கு அக்கா யோகலட்சுமி எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். வெயில்தான் எங்களை இருக்கவிட மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளை ராம்குமாரும் பாப்பாவும் சௌக்கியம் என்பதை நேற்றுகூடப் போனில் பார்த்தேன். பார்த்த பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது அம்மா என் தோளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நீயும் பாப்பாவின் முகத்தையே காட்டுகிறாய். நான் சொல்ல வேண்டியதற்கு அதில் இடம் கிடைக்கவில்லை. இன்று பிரஸ்ஸில் ஆள் இல்லை, மின்விசிறி ஓடுகிறது. லேபிள் அடித்து மிஞ்சிய தாளில் நல்லதாக நான்கு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா உன்னிடமிருந்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. உடம்பு இங்கே இருக்கிறது, பேச்சு முழுக்க அங்கேதான். சீமையில் உன் ஊர் லிட்டில் ஆம்பர்ட்டன், அம்மா வாயில் நுழைந்து 'ஆம்பர்பட்டி' ஆகிவிட்டது. இப்போது தெருவே அப்படித்தான் சொல்கிறது. பட்டாசு ஆபீஸ் வேலைக்குப் போக வேனுக்கு நிற்கிற பெண்கள் அம்மாவைப் பார்த்தால் "ஆம்பர்பட்டிக்காரி வாரா" என்கிறார்கள். அவளுக்கு அதில் பெருமை. எதிரே வருகிற எல்லோருக்கும் "குட் மார்னிங்" வைக்கிறாள். அரிசிக் கடைக்காரர் பயந்துபோய் என்னிடம், உங்க அம்மாவுக்கு உடம்பு எதுவும் சரியில்லையா என்று கேட்டார்.

காலையில் காப்பி போடும்போது ஆரம்பிக்கிறாள். "முன்னூறு பேருதான் ஊரே. அதுக்கு ஒரு புஸ்தகம் போட்டிருக்காகத்தா, இம்புட்டுத் தடிமன்." கூரை வேய்ந்த வீடுகளுக்கு அங்கே மவுசு அதிகமாம். வாத்து ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் பஸ் நிற்குமாம். சிவப்பு டெலிபோன் கூண்டுக்குள் டெலிபோனை எடுத்துவிட்டுப் புத்தகம் அடுக்கியிருக்கிறார்களாம். "கள்ளுக்கடைக்கு நானூறு வயசு. நிலை குட்டையா இருக்கும், குனிஞ்சுதான் உள்ள போகணும். பேரிலு என்னையக் கூட்டிட்டுப் போயி எலுமிச்சந் தண்ணி வாங்கிக் குடுத்தா." பேரிலு என்பது உன் பக்கத்து வீட்டு பெரில். எழுபத்தெட்டு வயதுப் பெண்பிள்ளையை அம்மா 'அவ', 'இவ' என்று சேக்காளி மாதிரி பேசுகிறாள். இரண்டு பேருக்கும் ஒரு பாஷை கிடையாது. ஆறு மாதம் என்னதான் பேசினார்களோ.

நான் அம்மாவிடம் விஸ்வநத்தத்துக்கு எத்தனை வயது என்று கேட்டேன். "இதுக்கு என்ன வயசு, ரோடு போட்டாக, ஆபீஸ் வந்துச்சு, நாம வந்தோம்" என்றாள். சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டு எழுந்துபோனேன்.

அருணா, ஒளித்து என்ன ஆகப்போகிறது? எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உன்மேல் என்றுகூடச் சொல்ல மாட்டேன், அந்த ஊர்மேல். ஓர் ஊர்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன். போன வாரம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் புதுவருஷக் காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்தார். கல் பாலம், கூரை வீடு, வாத்து மிதக்கிற குளம் போட்ட படத்தைக் காட்டி இதுதான் வேண்டும் என்றார். இத்தனை வருஷமாக அந்த மாதிரிப் படத்தை எத்தனை பக்கத்தில் ஒட்டியிருப்பேன், எந்த ஊர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கு, இது இப்போது யாரும் வாங்குவதில்லை சார், குற்றாலம் அருவி போடலாம் என்று மாற்றிவிட்டேன்.

அம்மா எட்டு வருஷமாக என் வீட்டில் இருக்கிறாள். அப்பா போனதிலிருந்து அவளுக்கு மாத்திரை, கண் ஆபரேஷன், முழங்காலுக்கு எண்ணெய் எல்லாம் நான்தான். எனக்காக அவள் ஒருநாளும் முகம் மலர்ந்து இப்படிப் பேசியதில்லை. பிள்ளைப்பேறு பார்க்க உன்னிடம் வந்தாள். அந்த வேலைக்கு என் வீட்டில் அவளை அழைக்க எனக்கு வாய்க்கவில்லை. அதை விடு. நான் டிகிரியை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்தியபோது நீ நர்ஸிங் சேர்ந்தாய் என்பதையும் சொல்லிக்காட்ட வரவில்லை. எழுதிவிட்டேன், அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஆற்றங்கரையில் இடிந்து கிடக்கும் ஆலையைப் பற்றி அவள் சொல்வது. முதலில் மாவு அரைத்த ஆலையாம், தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏதோ ராஜாவின் ஏட்டில் இருக்கிறதாம். பிறகு துணி. பிறகு துப்பாக்கி மருந்து. பெரில் அம்மாவைக் கூட்டிப்போய் அங்கே நிறுத்தி, ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே அம்மா கண்டுபிடித்துவிட்டாளாம். "மூணு பக்கம் தடிச்ச சுவரு, ஒரு பக்கம் லேசு. ஒரு கட்டடத்துக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல தள்ளித் தள்ளி எடம், மண்மேடு, மரம். ஏ, நம்ம பட்டாசு ஆபீஸ் மருந்து ரூமுல்ல இதுன்னு கையத் தட்டிட்டேன். வெள்ளைக்காரனும் நம்மள மாதிரித்தான் பயந்து கட்டியிருக்கான்."

1858-ல் அந்த ஆலை வெடித்துப் பதினோரு பேர் போனார்களாம். மாதா கோயில் சுவரில் பதினோரு பெயரும் வெட்டி வைத்திருக்கிறதாம். வருஷம் தவறாமல் நவம்பரில் ஒருநாள் பெயர் பெயராகப் படித்து, பெயருக்கு ஒரு தடவை மணி அடிக்கிறார்களாம். அங்கே உட்கார்ந்து அம்மா அழுதாள் என்று நீயும் சொன்னாய், அவளும் சொல்கிறாள். அப்பா செத்தபோது அம்மா அழவில்லை. பந்தலில் நின்று வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரோ பதினோரு வெள்ளைக்காரர்களுக்கு, நூற்று அறுபது வருஷம் கழித்து, என் அம்மா ஏன் அழ வேண்டும்?

ஊர்ப் படங்களைக் கொஞ்ச நாளைக்கு அனுப்பாதே. பாப்பாவின் படம் மட்டும் போதும். அவளுக்குத் திருஷ்டி சுற்றிப் போடு, என் கண்ணே பட்டுவிடப் போகிறது.

உன் நலம் நினைக்கும்,
அக்கா யோகலட்சுமி

---

விஸ்வநத்தம்,
6.7.2025

அருணாவுக்கு,

எல்லோரும் சுகம். சீசன் தொடங்கிவிட்டது. பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டரும் சேர்ந்து வந்து கழுத்தை நெரிக்கிறது. உன் அத்தானுக்கு வடக்கே லோடு போகிற வேலை, பத்து நாளைக்கு ஒருதரம்தான் வீட்டுக்கு வருகிறார்.

பெரிலம்மா அம்மாவுக்குக் கடிதம் போட்டார்கள், வந்ததா, வந்ததா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். போனில் சொன்னதையே எழுதுகிறேன். எந்தக் கடிதமும் வரவில்லை. இங்கே தபால் அப்படித்தான், வந்தால் வரும். அம்மாவிடம் இதைப் பற்றி மறுபடி மறுபடி பேசாதே. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறாள். "எழுதுறேன்னு கையில கோடு போட்டுக் காட்டுனாளே" என்கிறாள். பிறகு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள்.

இப்போது ஆம்பர்பட்டிக் கதை குறைந்துவிட்டது. அதுவும் நல்லதுதான். எங்கே இருக்கிறோமோ அங்கே மனசு இருக்க வேண்டும்.

மழைக்கு இருண்டுகொண்டு வருகிறது, பெய்யாது. பாப்பா தவழத் தொடங்கிவிட்டாள் என்று சொன்னாய், சந்தோஷம்.

யோகலட்சுமி

---

விஸ்வநத்தம்,
24.8.2025, ஞாயிறு

என் அருமை அருணாவுக்கு,

உன்னிடம் போன கடிதத்தில் பொய் எழுதினேன். பெரிலம்மாவின் கடிதம் ஜூன் பதினாறாம் தேதியே வந்துவிட்டது. ராணி தலையோ ராஜா தலையோ போட்ட ஸ்டாம்பு, நீல உறை, மேலே உன் கையெழுத்தில் விலாசம். அம்மா அன்றைக்கு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான்தான் வாங்கினேன்.

உறையில் இருந்த பெயர் அம்மாவுடையது. நான் பிரித்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, எப்படியும் நான்தானே வாசித்துக்காட்ட வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பிரித்தேன். பிரஸ்ஸில் உட்கார்ந்து பதினைந்து வருஷம் அடுத்தவர்கள் எழுதிய இங்கிலீஷை அடித்தவளுக்கு அது புரியாமல் போகவில்லை. மனப்பாடமே ஆகிவிட்டது. உனக்கு அப்படியே தமிழில் தருகிறேன்.

"அன்புள்ள வெள்ளைத்தாய், நீங்கள் போன பிறகு ஆற்றுப் பக்கம் நான் தனியாகத்தான் நடக்கிறேன். அன்றைக்கு ஆலை மதிலருகே பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் ஒரு மணி நேரம் பேசினீர்கள். எனக்கு உங்கள் மொழி தெரியாது. ஆனால் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். பொன்மணி. விரல்களால் பதினாறு காட்டினீர்கள். பிறகு கையில் ஒரு குழந்தையை ஏந்துவதுபோலக் காட்டினீர்கள். மருந்து வெடித்ததையும் காட்டினீர்கள், அது எனக்குப் புரிந்தது. என் கொள்ளுப்பாட்டனாரின் அண்ணன் அந்தப் பதினோரு பேரில் ஒருவர். பொன்மணி உங்கள் மகளா, தங்கையா? உங்கள் மகள் அருணாவிடம் நான் கேட்கவில்லை. அது நீங்களாகச் சொல்ல வேண்டியது. வரும் நவம்பரில் எங்கள் பதினோரு பெயர்களுக்குப் பிறகு அவள் பெயரையும் வாசிக்கலாம் என்று கோயில் குழுவில் கேட்டேன், எல்லோரும் சரி என்றார்கள். பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், அவள் யார், எந்த நாள் என்று எழுதுங்கள். நீங்களே வந்து சொன்னால் அதைவிட நல்லது. இந்தக் கடிதத்தை நீங்கள் நம்புகிற ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்."

நம்புகிற ஒருவர். அந்த வரியைப் படித்துவிட்டும் நான் கடிதத்தை மடித்து, பிரஸ்ஸில் என் மேஜை இழுப்பறையில், பழைய காலண்டர் சாம்பிள்களுக்கு அடியில் வைத்தேன்.

ஏன் என்று நீ கேட்கும் முன்னால் நானே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அம்மா தனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை என்றுதான் நமக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் பிறந்த ஏழாயிரம்பண்ணைப் பக்கம் நம்மை ஒரு திருவிழாவுக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் என் காதில் விழாத ஒரு பெயரை, ஒரு வார்த்தை தமிழ் தெரியாத ஒருத்தியிடம் ஒரு மணி நேரம் சொல்லியிருக்கிறாள். குழந்தையைக் கையில் ஏந்திக் காட்டினாள் என்றதும், எனக்கு முன்னால் அவளுக்கு ஒரு மகள் இருந்தாளோ, நான் மூத்தவளே இல்லையோ என்றெல்லாம் ஓடியது. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்ற பயம். சொல்லிவிட்டு மறுபடி அங்கே போய்விடுவாளோ என்ற பயம் அதைவிடப் பெரியது. உனக்குப் பிள்ளை இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஆறு இருக்கிறது. எனக்கு அம்மா மட்டும் இருந்தாள். அவளுடைய துக்கம்கூட உன் ஊருக்குத்தான் போக வேண்டுமா என்று ஒரு வெறி.

இரண்டு மாதம் அப்படியே போயிற்று. அம்மா முதலில் வாசலுக்கு ஓடினாள், பிறகு நடந்தாள், பிறகு எழுந்திருப்பதையே விட்டாள். "குட் மார்னிங்" நின்றுபோனது. ஒருநாள் வேனுக்கு நிற்கிற பெண்கள் ஆம்பர்பட்டிக் கதை கேட்டதற்கு, "அவுக அவுக ஊரு அவுக அவுகளுக்கு. நம்மள யாரு நெனைக்கா" என்றாள். நான் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் பார். அன்றிலிருந்து அந்த இழுப்பறையைத் திறப்பதையே விட்டுவிட்டேன்.

இந்த மாசம் பதிமூன்றாம் தேதி மத்தியானம் இங்கே ஒரு சின்னப் பட்டாசு ஆபீஸில் மருந்து வெடித்தது. செய்தியில் பார்த்திருப்பாய். பிரஸ் கண்ணாடி அதிர்ந்தது. எந்தத் திசை என்று காதே சொல்லிவிடும். பெண்கள் மிஷினை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினார்கள், ஆளாளுக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு. நான் வீட்டுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் சோறு அடிபிடித்துக் கிடக்கிறது, அம்மாவைக் காணோம்.

அந்த ஆபீஸ் கேட்டில் கண்டுபிடித்தேன். செருப்பில்லாமல் அந்த வெயிலில் நடந்தே போயிருக்கிறாள். கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "உள்ள யாரு? பேரு என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் தள்ளிப் போகச் சொல்கிறார், போகவில்லை. என்னைப் பார்த்ததும், "எழுதிக்கோத்தா" என்றாள். என்னம்மா என்றேன். "முருகம்மாள். பாண்டிராஜ். செல்வக்குமார். மூணு பேரு. எழுதிக்கோ. எத்தன பேரு எத்தன பேருன்னு எல்லாரும் கேக்காக, பேரு என்னன்னு ஒருத்தரும் கேக்கல. அந்த ஊருல எழுதி வச்சிருக்காகள்ல. எழுது" என்று என் கைப்பையை இழுத்தாள். நான் என் உள்ளங்கையில் பேனாவால் மூன்று பெயரையும் எழுதினேன். எழுதிய பிறகுதான் என்னோடு நடந்து வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்து வந்து அவள் முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பொன்மணி என்ற பெயர் வந்ததும் அவள் கை நின்றது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முடித்ததும், "திரும்ப வாசி" என்றாள். திரும்ப வாசித்தேன். "எப்ப வந்துச்சு?" என்றாள். ஆனி மாசம் என்றேன். என்னைப் பார்த்தாள், அருணா. அடித்திருந்தால்கூடத் தேவலை.

கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு அவளாகவே சொன்னாள். அவள் வாயால் வந்ததையே எழுதுகிறேன். நான் என் வார்த்தையில் எழுதினால் எனக்குச் சாதகமாக எதையாவது திருப்பிவிடுவேன்.

"எனக்குக் கூடப்பொறந்தவ ஒருத்தி. பொன்மணி. நீ அப்ப ஏழு மாசம். ஒனக்கு வயித்தால போயி, கண்ணு சொருகிருச்சு. நான் மருந்து ரூமுல வேல பாத்தேன். அன்னிக்குப் போகலன்னா இடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாக. சின்னவ தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குறவ, மருந்து அவளுக்குத் தெரியாது. அக்கா, நீ பிள்ளையப் பாரு, ஒன் இடத்துல நான் ஒக்காந்துட்டு வாரேன்னா. மேஸ்திரி ஏன்னு கேக்கல, தலை எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும் அவருக்கு. ஆடிப் பெருக்குக்கு மறுநாள். பதினோரு மணிக்குச் சத்தம் கேட்டுச்சு. நீ அப்பத்தான் கண்ணத் தொறந்த."

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளை ஊரைவிட்டே துரத்தியது. அன்றைய வருகை நோட்டில் அந்த இடத்துக்கு நேராக இருந்தது அம்மாவின் பெயர். பேப்பரில் வந்ததும் அதுதான். "வெள்ளைத்தாய், வயது இருபதுன்னு போட்டிருந்துச்சு. நான் ஒன்னைய மடியில போட்டுக்கிட்டு, செத்துப்போனேன்னு வாசிக்கக் கேட்டுட்டு இருக்கேன். ஒங்கய்யா போயிச் சொன்னாரு, பேர மாத்துங்கன்னு. யாரு பேரா இருந்தா என்ன, எண்ணிக்கை சரிதானன்னு அனுப்பிட்டாக. அவ பேரு எங்கயுமே இல்லத்தா. பள்ளிக்கொடத்துக்குப் போகல, ஓட்டுப் போடல, கலியாணப் பத்திரிகை அடிக்கல. செத்தவ பேரும் எம்பேரு."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "சொன்னா, எனக்காகவான்னு நீ கேப்ப. அதுக்கு நான் என்ன சொல்ல? பேரிலுக்குப் பாஷை புரியாது. அதான் சொல்ல முடிஞ்சுது" என்றாள்.

இரண்டு மாதமாக எதைப் பார்த்து வயிறெரிந்தேனோ அது இவ்வளவுதான். அந்தக் கையில் ஏந்திய குழந்தை நான்.

பிறகு இரண்டு நாள் அம்மா சோறு போட்டாள், முகம் பார்க்கவில்லை. உன் அத்தான் வந்து விஷயம் கேட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். மூன்றாம் நாள் அம்மாவிடம், விசாவுக்கு அருணாவை எழுதச் சொல்கிறேன், நவம்பருக்கு நீ போய் உன் வாயாலேயே சொல்லிவிட்டு வா, அங்கேயே இருக்க வேண்டும் என்றாலும் இரு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று உனக்குத் தெரியாது.

"நான் போகல" என்றாள். கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. "நான் ஒருதரம் அங்கன ஒக்காந்து அழுதாச்சு. நீ போ. ஒனக்காகத்தான் அவ எடம் மாறி ஒக்காந்தா. நீ போயி எந்திரிச்சு நின்னு அவ பேரச் சொல்லு. ஒன்னையப் பாத்தாப் பேரிலுக்குப் புரியும், இதுதான் அந்தப் பிள்ளைன்னு."

அருணா, நான் சென்னையைத் தாண்டியதில்லை. பாஸ்போர்ட்டுக்கு நேற்றுத்தான் எழுதிப் போட்டிருக்கிறேன். விசா கிடைக்குமோ, கிடைக்காதோ. கிடைக்காவிட்டால் நீ சொல். அங்கே இருப்பவர்களிடம் விட்டுவிடாதே, அவர்களுக்கு 'ண' வராது. பொன்மணி. அம்மாவின் தங்கை. வயது பதினாறு. 1987 ஆகஸ்டு நான்காம் தேதி. பெரிலம்மாவுக்கு இந்த நான்கும் சொல், கடிதம் இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல். எங்கள் பிரஸ்ஸில் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் பெரிய எழுத்தில் நானே அச்சுக் கோத்து, நல்ல தாளில் ஒரு பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் தடவையாக அச்சில் ஏறியிருக்கிறது. அம்மா அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள், எந்த எழுத்து எது என்று கேட்டாள்.

இதையெல்லாம் எழுதிய பிறகும் பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். அந்தப் பதினோரு பேர்மேல் இப்போதும் பொறாமைதான். செத்து நூற்று அறுபத்தேழு வருஷம் ஆகியும் அவர்கள் பெயரைச் சரியாகச் சொல்ல ஆள் இருக்கிறது. என் உள்ளங்கையில் எழுதிய மூன்று பெயரும் மறுநாள் குளித்தபோது போய்விட்டன. அம்மா மறக்கவில்லை. அவர்கள் வீடுகளுக்குப் போய் வயது கேட்டு வந்திருக்கிறாள். அவற்றையும் கோத்துக்கொண்டிருக்கிறேன். எங்கே ஒட்டுவது, யார் ஒட்டவிடுவார்கள் என்று தெரியவில்லை.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. இங்கிலீஷ் எனக்கு வாசிக்க வரும், யாரிடமும் பேசியதில்லை. சேலையும் ரப்பர் செருப்பும் தவிர ஒன்றும் போட்டதில்லை. உன் வீட்டைப் பார்த்து, உன் ஆற்றைப் பார்த்து, உன் பிள்ளையைத் தூக்கி, என் முகம் கோணிப்போகலாம். அதை நீ பார்க்க வேண்டிவரும். உன்னிடம் பொய் சொன்னவள் நான். இவ்வளவுக்குப் பிறகும், இவள் என் அக்கா என்று சொல்லி என்னை அந்தக் கோயிலுக்குள் கூட்டிப்போவாய் என்றால், ஒரு வரி எழுதிப் போடு. போனில் சொல்லாதே. எழுதிப் போடு.

நீயும் பாப்பாவும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. பெரிலம்மாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, என் பெயரில் கும்பிட்டுவிடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா
யோகலட்சுமி